எங்களுக்கெண்டு ஒரு தையல்

கலைப்பீடத்தில் விரிவுரை இல்லாத நேரங்களில் சேர்ந்திருந்து தைக்கிற ஐந்து பேர் நாங்கள். போன மாதம் ஊசி, நூல், வளையம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போனோம்.

குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். குனிந்து சங்கிலித் தையல் போட்டால் தலை சுத்துது. கண்ணுக்குத் துணி அசையவில்லை, உள்காதுக்கோ படகு ஆடுகிறது; இரண்டும் ஒத்துவராததால்தான் அந்தக் குமட்டல். நாலு தையலுக்கு ஒருக்கா நிமிர்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டோம்.

பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் துணியை வாங்கிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன விலைக்குக் குடுப்பியள், பிள்ளையள்?"

"விக்கிறதுக்கில்லை அம்மா, எங்களுக்குத்தான்."

"நான் சின்ன வயசிலயிருந்து தைக்கிறன். எனக்கெண்டு ஒண்டும் தைக்கேல்லை."

தீவில் பவளக்கல் மதிலோரம் இருந்து மிச்சத்தைத் தைத்தபோதும் அதைப் பற்றியே கதைத்தோம். கைவேலை பொம்பிளைப் பிள்ளைக்கு நல்லது என்று சொல்லித்தான் எங்களையும் வளர்த்தார்கள். புகுந்த வீட்டுக்கு, பிறக்கப்போகும் பிள்ளைக்கு, இல்லையென்றால் கூலிக்கு. தைக்கிறவளுக்கும் அது வேண்டியிருக்கும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

"படிக்கிற நேரத்தில உது என்னத்துக்கு?" என்று வீட்டில் இப்பவும் கேட்கிறார்கள். "எங்களுக்கு" என்கிறோம். அடுத்த மாதமும் போகிறோம்.