காற்றை வெளியே எடுக்கிற வேலை

வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்தால் வன்னிக்கு வெளிநாட்டு உறவுகள் வரத் தொடங்கிவிடுவார்கள். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சிப் பக்கம் பல வீடுகளில் ஒரு அறைக்கு மட்டும் ஏசி பூட்டியிருக்கிறார்கள். மற்ற மாதங்களில் அது சும்மா கிடக்கும். அதைத் தயார்படுத்தும் மெக்கானிக் ஒருவரை நண்பர் அறிமுகம் செய்துவைத்தார். அவரோடு பரந்தனில் ஒரு வீட்டுக்குப் போனேன்.

வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றியதும் போர்டில் கருகிச் செத்த பல்லி. கச்சான் காற்று அள்ளிவந்த புழுதி அலுமினியத் தகடுகளுக்கிடையில் அடைந்துபோயிருந்தது. உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினார். பில்டர், தண்ணீர்க்குழாய், மீற்றர் வேலைகள் மளமளவென்று முடிந்தன. அறை மட்டும் குளிரவில்லை.

“போன வருசமும் கேஸ் அடிச்சவை தம்பி,” என்றார் வீட்டு அம்மா.

“கேஸ் குறையிற சாமான் இல்லை அம்மா. குறைஞ்சா எங்கயோ ஓட்டை இருக்கு.”

செப்புக்குழாய் மூட்டில் எண்ணெய்க் கசிவு. சவர்க்கார நுரை பூசினார், குமிழி வந்தது. குழாய் வாயை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்டினார். பிறகு வண்டியிலிருந்து வக்கும் பம்பை இறக்கினார். கட்டாரில் வேலைசெய்த காலத்தில் வாங்கியது. அதை அவர் வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

குழாய்க்குள் காற்றும் ஈரமும் நின்றால், ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிரசரின் சுருளை அரித்துவிடும். வெளிக்காற்றின் அழுத்தம் 760 மில்லிமீற்றர் பாதரசம். குழாய்க்குள் அதைப் பம்பால் அரை மில்லிமீற்றருக்கு இறக்கினால் ஒட்டியிருக்கும் நீர் சாதாரண வெயிலிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில்தான் அவர் கதை சொன்னார்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணிப் பம்பு திருத்தும் கராஜில் தொழில் பழகிய பெடியன் அவர். உதிரிப்பாகம் கிடையாது, பழுதானதையே திரும்பத் திருத்த வேண்டும். 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம் முகாம். ஊர் திரும்பியபின் கட்டார். “அங்கதான் தம்பி ஏசியைத் தொட்டனான். ஆனா ஓட்டை தேடுறது எனக்கு முந்தியே தெரியும்.”

இந்த அறிவுக்கு விற்பனைக்காரர்கள் தரும் விலைதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏசியோடு இலவச சேர்விஸ் என்று விற்றுவிட்டு, வேலையைப் பெட்டிக் கணக்கில் உள்ளூர் மெக்கானிக்கிடம் தள்ளுகிறார்கள். ஒருநாளில் எத்தனை பெட்டி முடிகிறதோ அவ்வளவுதான் கூலி. பம்பை ஓடவிட்டுக் காத்திருப்பவன் நட்டப்படுகிறான்; கேஸைக் கொஞ்சம் திறந்து காற்றைத் தள்ளிவிட்டுப் போகிறவன் பிழைக்கிறான். அந்தக் கேஸ், ஆர்-32, தீப்பிடிக்கக் கூடியது. ஒரு கிலோ வெளியேறினால் 675 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். உள்ளே காற்றுத் தங்கிய இயந்திரம் கரன்ட்டையும் கூடுதலாக இழுக்கும். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய நாட்டில் அந்தப் பில்லைக் கட்டுவது இந்த அம்மா, கமிஷன் எடுத்த விற்பனைக்காரரல்ல. கைவேலைக்காரனின் நேரத்தைத் திருடித்தான் அந்த இலவசம் கொடுக்கப்படுகிறது.

கனடாவிலிருந்து மகன் வீடியோவில் வந்தார். அவர் வீட்டில் இதே பெட்டிதான் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிறதாம். அம்மா நம்பவில்லை. மெக்கானிக் விளக்கினார்: “அதுக்குள்ள நாலு வழி வால்வு ஒண்டு இருக்கு அம்மா. அது கேஸ் போற பாதையை மாத்திவிடும். வெளியில எவ்வளவு குளிரெண்டாலும் அந்தக் காத்தில கொஞ்சச் சூடு இருக்கும். அதை எடுத்து உள்ளுக்க விடும். அங்க ஐப்பசிக்கு முதல் செய்யிறதை நாங்கள் இஞ்ச ஆடிக்கு முதல் செய்யிறம்.”

பம்பை நிறுத்தி முள்ளைப் பார்த்தார். அசையவில்லை. கேஸை எடைபார்த்து உள்ளே விட்டார். மூடியின் உட்புறத்தில் திகதி, கேஸின் எடை, திருத்திய மூட்டு மூன்றையும் மார்க்கரால் எழுதினார்.

“அடுத்தமுறை வேற ஆள் வந்தாலும் தெரியவேணும்,” என்றவர், பம்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் புறப்பட்டார். அங்கே கடற்கரை வீடொன்றில் உப்புக்காற்றில் தகடு உதிர்ந்த பெட்டி காத்திருந்தது.