கூச்சியில் விற்கப்படும் தோட்டாக்கள்

ஹோ சி மின் நகரிலிருந்து வடமேற்கே கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகளில் பெரும்பாலானவை கூச்சிக்குப் போகின்றன. வியட்நாம் போரில் உலகத்தையே வியக்கவைத்த சுரங்கங்கள் அங்கேதான் இருக்கின்றன. பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும் இரண்டு பகுதிகளில் நகரத்துக்கு அருகில் உள்ளது பென் தின். மரநிழலில் நடந்து, முதல் சுரங்க வாயைப் பார்ப்பதற்கு முன்பே அங்கே துப்பாக்கிச் சத்தம் காதில் விழுந்துவிடும். தனித்தனியாகச் சில வெடிகள், பிறகு சடசடவென்று ஒரு தொடர். யாரும் பதறுவதில்லை. பயணிகள் காசு கொடுத்துச் சுடும் தளம் உள்ளே இருக்கிறது.

சுரங்கம் உருவான கதையைத் தெரிந்துகொண்டு நடப்பவர்களை அந்தச் சத்தம் உறுத்தும். 1940-களின் இறுதியில், பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில், ஆட்களையும் ஆயுதங்களையும் ஒளித்துவைக்கச் சில கிராமங்களில் குழிகள் வெட்டினார்கள். அமெரிக்கப் படைகள் வந்திறங்கிய 1960-களில் அவை ஊரோடு ஊரை இணைத்து வளர்ந்தன. உச்சத்தில் மொத்த நீளம் சுமார் 250 கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிறது. வெட்டியவர்கள் கிராமத்து ஆண்களும் பெண்களும். கையில் இருந்தது சிறு மண்வெட்டியும் மூங்கில் கூடையும்தான். அந்தப் பகுதியின் செந்நிறக் களிமண் வெட்டும்போது இளகிக்கொடுக்கும், காய்ந்ததும் இறுகிவிடும். அள்ளிய மண்ணை ஆற்றில் கரைத்தார்கள், வரப்பில் அணைத்தார்கள், குண்டு விழுந்த பள்ளங்களில் கொட்டினார்கள். புதுமண் கண்ணில் பட்டால் மேலே பறக்கும் விமானத்துக்குத் துப்புக் கிடைத்துவிடும்.

மறைவதுதான் அவர்களுடைய முதல் ஆயுதம். அடுப்புப் புகையை நீண்ட கால்வாய்கள் வழியாக நகர்த்தி, ஆறவைத்து, தூரத்தில் தரையோடு தரையாகக் கசியவிட்டார்கள். ஹோவாங் காம் என்ற படைச் சமையல்காரர் பிரெஞ்சுப் போர்க்காலத்தில் கண்டுபிடித்த முறை அது. இன்றும் அந்த அடுப்புக்கு அவர் பெயர்தான். பனிமூட்டம் கலையாத விடியற்காலையில் சமைத்தால் கசியும் கொஞ்சப் புகையும் பனியோடு கலந்துவிடும். காற்றுத் துளைகளைக் கறையான் புற்று போல அமைத்தார்கள். மோப்ப நாய்களைக் குழப்ப அங்கே மிளகாய்ப்பொடி தூவினார்கள். அமெரிக்கர்கள் பயன்படுத்திய சோப்பையும் வைத்தார்கள், நாய்களுக்கு அது பழகிய வாசனை.

1966 ஜனவரியில் சுமார் 8,000 அமெரிக்க, ஆஸ்திரேலிய வீரர்கள் இந்தப் பகுதியைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவின் 25-ஆவது காலாட்படைப் பிரிவு கூச்சியிலேயே முகாம் அமைத்தது. காவல் சூழ்ந்த அந்த முகாமுக்குள்ளேயே போராளிகள் இரவில் சுரங்கத்திலிருந்து எழுந்து தாக்கிவிட்டு மறைந்தார்கள். 1967 ஜனவரியில் சுமார் 30,000 வீரர்களோடு இன்னொரு தேடுதல் நடந்தது. அப்போது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பென் சுக் கிராமத்தையும் சுற்றுவட்டாரத்தையும் காலிசெய்து, ஏறக்குறைய 6,000 பேரை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். பிறகு புல்டோசர் விட்டு ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். பி-52 விமானங்கள் வீசிய குண்டுகளின் பள்ளங்கள் இன்னும் காட்டுக்குள் இருக்கின்றன.

சுரங்கத்துக்குள் துரத்திப் போனவர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். சுரங்க எலிகள் என்று அழைக்கப்பட்ட அந்த வீரர்களிடம் ஒரு கைத்துப்பாக்கி, ஒரு கத்தி, ஒரு டார்ச் விளக்கு. 1966 தேடுதலில் ஆஸ்திரேலியப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஒருவர் உள்ளே சிக்கி மூச்சுத்திணறி இறந்தார். கீழே வாழ்ந்தவர்களுக்கோ மலேரியா, குடல்புழு, வெளிச்சமும் காற்றும் போதாத நாட்கள். மேலே ஒரு காலடி கேட்டால் குழந்தையும் அழக்கூடாது.

அவர்களிடம் தோட்டாவும் தாராளமாக இருக்கவில்லை. வெடிக்காமல் விழுந்து கிடந்த அமெரிக்கக் குண்டுகளைத் தேடி எடுத்து, சூடேறாமலிருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருந்த வெடிமருந்தைக் கண்ணிவெடிகளுக்குப் பயன்படுத்தினார்கள். அறுக்கும்போது வெடித்துச் செத்தவர்கள் உண்டு. மறுபடி நிரப்புவதற்காகக் காலி உறைகளையும் பொறுக்கினார்கள்.

அந்த மண்ணில் இன்று தோட்டாவை எண்ணி விற்கிறார்கள். தின்பண்டக் கடைக்கும் நினைவுப்பொருள் கடைக்கும் பக்கத்திலேயே விற்பனை முகப்பு இருக்கிறது. ஏ.கே.-47, எம்-16, எம்-60 என்று பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பொதுவாகப் பத்துத் தோட்டாவுக்குக் குறைந்து தருவதில்லை. காதுக்கு உறை மாட்டிவிடுகிறார்கள். துப்பாக்கி திசை திரும்பாதபடி மேடையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பச்சைச் சீருடை அணிந்த ஊழியர் தோளை ஒட்டி நின்று, எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறார். எதிரே மண்மேடு, அதன் முன்னால் குறிப்பலகைகள். விசையை அழுத்தியதும் கட்டை தோளில் இடிக்கிறது, சூடான உறை தெறித்து விழுகிறது. பத்துத் தோட்டாவும் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடுகின்றன. சுட்டவர் சிரித்தபடி திரும்ப, நண்பர் படம் எடுக்கிறார். அடுத்தவர் வந்து நிற்கிறார்.

சுடுபவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எதிரே வைத்ததை மனிதர்கள் தொட்டுப் பார்க்கத்தான் செய்வார்கள். வேலை செய்பவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு அது பிழைப்பு. அந்த ஆயுதத்தின் சத்தம் கேட்டால்தான் போர் புரியும் என்ற வாதத்தையும் யோசித்துப் பார்த்தேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. திரையில் கேட்ட சத்தத்துக்கும் பத்தடி தூரத்தில் நெஞ்சை அறையும் சத்தத்துக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று அங்கேதான் உறைக்கிறது.

ஆனால் அது சுடுகிறவனின் அறிவு. கூச்சி காப்பாற்றிவைத்திருப்பது கேட்டுக்கொண்டிருந்தவனின் அறிவை. பயணிகளுக்காக அகலப்படுத்திய சுரங்கத்தில்கூடக் குனிந்து, முட்டிபோட்டுத்தான் நகர முடிகிறது. சுவர் இரண்டு தோளிலும் உரசுகிறது, முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரிகிறது. அந்த நிலையில் இருந்துகொண்டு, தலைக்கு மேலே யார் நடக்கிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள், எப்போது போவார்கள் என்று மண்ணில் காதை வைத்துக் கணித்தவர்கள் இங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அதைக் கொஞ்சமாவது உணரத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம். பக்கத்தில் ஓயாமல் இயந்திரத் துப்பாக்கி முழங்கினால் உணர இடமேது?

அதே நாட்டில் குவாங் ங்காய் பகுதியில் சொன் மி நினைவிடம் இருக்கிறது. 1968 மார்ச் 16 அன்று அமெரிக்க வீரர்கள் கிராமத்து மக்களைக் கொன்ற இடம். 504 பேரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே ஒரு சுடும் தளம் வைக்கலாம் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். கூச்சி வெற்றியின் இடம் என்பதால் அந்தத் தயக்கம் விட்டுப்போயிருக்கிறது. ஆனால் சற்றுத் தள்ளி, பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும் இன்னொரு சுரங்கப் பகுதியான பென் துவோக்கில், போரில் உயிர்நீத்த 44,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுவரில் செதுக்கிய ஆலயம் ஒன்று இருக்கிறது. வெற்றிக்குக் கொடுத்த விலை அந்தச் சுவர். அந்தப் பகுதியிலும் சுடும் தளம் உண்டு.

தளத்தை மூடச் சொல்லவில்லை. சுரங்கத்தின் எல்லையைத் தாண்டி, சத்தம் எட்டாத தூரத்துக்கு மாற்றட்டும். ஆசைப்படுகிறவர்கள் அங்கே போகட்டும், ஊழியர்களின் பிழைப்பும் தொடரட்டும். அதுவரை கூச்சிக்குப் போகிறவர்கள் பென் துவோக் ஆலயத்தில் தொடங்குவது நல்லது. பெயர்களைப் பார்த்துவிட்டுச் சுரங்கத்தில் இறங்குங்கள். உப்பும் வேர்க்கடலைப் பொடியும் தொட்டுக்கொள்ளத் தரும் அவித்த மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிடுங்கள், போர்க்காலத்தில் அவர்கள் வயிற்றை நிரப்பியது அதுதான். அதன் பிறகும் சுட்டுப் பார்க்கத் தோன்றுகிறதா என்பதை அவரவர் முடிவு செய்யலாம். எனக்குத் தோன்றவில்லை. ஒரு தோட்டாவுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களின் நிலத்தில் பத்துத் தோட்டாவை விளையாட்டாகச் செலவழிக்க மனம் வரவில்லை.