ஆரல் மீனுக்கு ஒரு தொட்டி

மீன் தொட்டி என்றதும் கலர் கற்களும் தங்க மீனும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உத்திரமேரூர் மாதிரி ஏரிப் பாசன ஊர்களில் குழம்புக்குப் போகும் ஆரலையும் தொட்டியில் வளர்க்கலாம் என்றால் சிரிப்பார்கள். கபிலர் குறுந்தொகையில் பாடிய அதே ஆரல்தான்!

ஆரல் அடித்தரை மீன். பகலில் மணலுக்குள் புதைந்து, கூர்மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டிய பிறகுதான் இரை தேடும். அதனால் அதற்குத் தண்ணீரைவிடத் தரை முக்கியம். கூரான கற்களில் உடம்பு கீறினால் புண்ணாகி, மீன் செத்துப்போகும். நன்றாகக் கழுவிய நைஸ் மணல் மூன்று விரல்கடை உயரம் வேண்டும்.

சின்ன ஆரல் ஒன்றுக்கு 2 அடி நீளத் தொட்டி போதும். சந்து கிடைத்தால் வெளியேறிவிடும், மூடி கட்டாயம். மண்புழு விரும்பித் தின்னும்.

அவசரம்தான் பெரிய எதிரி. கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு விஷம். அதை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குப் பிறகுதான் மீனை விட வேண்டும். பிறகும் வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும்.

நீர்நிலையைப் பராமரிப்பது உத்திரமேரூருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து (கி.பி. 921) கல்வெட்டு, ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் 6 பேரை 360 நாளுக்குத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. ஏரிக்கு 6 பேர். இரண்டடித் தொட்டிக்கு ஒருவர் போதும். ஆனால் வருஷம் முழுக்க வேண்டும்.