ஹயேன் நாட்டு எண்ணெய்

ஸ்பெயினின் தெற்கே, பயேசா ஊரின் பழைய மதிலோரம் நின்று பார்த்தால் குவாதல்கிவிர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்க ஆலிவ் மரங்கள். ஹயேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கு மேல் என்கிறார்கள். அழகுதான். ஆனால் பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் கண் சலித்துவிடும். வேறு பயிரே கிடையாது.

நவம்பரில் தோப்புகளில் ஒரே இரைச்சல். இயந்திரம் அடிமரத்தைக் கவ்வி உலுக்க, கீழே விரித்த வலையில் காய்கள் கொட்டுகின்றன. ஒட்டிக்கொண்டிருப்பதை நீளக் கழியால் தட்டி விழுத்துகிறார்கள். தானாகத் தரையில் உதிர்ந்ததை மட்டும் தனியாக ஏற்றுகிறார்கள். அதன் எண்ணெய் வேறு தரம், விலையும் வேறு.

எண்ணெய் ஆலையில் கல்செக்கைத் தேடினேன். முற்றத்தில் காட்சிப் பொருளாக நின்றது. உள்ளே எல்லாம் துருப்பிடிக்காத எஃகு: காயைக் கொட்டையோடு அரைக்கும் சுத்தி ஆலை, கூழைப் பிசையும் தொட்டி, எண்ணெயையும் நீரையும் சக்கையையும் பிரிக்கும் சுழல் இயந்திரம். கூழின் சூடு 27 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால்தான் ‘குளிர்முறை’ என்று போட்டுக்கொள்ளலாம். முன்பெல்லாம் கூழை எஸ்பார்ட்டோ புல் பாய்களில் தடவி அடுக்கி அழுத்துவார்கள். முந்தின நாள் கூழ் அந்தப் பாயிலேயே புளித்துக் கிடக்கும். அந்த வாடை புது எண்ணெயிலும் ஏறும். மரச்செக்கு என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் நமக்கு இது கொஞ்சம் கசக்கும். ஆனால் நம் செக்கில் ஆடும் எள்ளும் கடலையும் காய்ந்த வித்துகள், மூட்டையில் மாதக்கணக்கில் கிடக்கும். ஆலிவ் பழம், அதில் பாதி நீர். பறித்த மறுநாளே மூட்டைக்குள் சூடேறிப் புளிக்கத் தொடங்கும். அதனால்தான் இங்கே எல்லாரும் மணிக்கணக்குப் பார்க்கிறார்கள்.

ருசி பார்க்கும் அறையில் ஆலைக்கார அம்மா நீலக் கண்ணாடிக் குவளையை நீட்டினார். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாதென்றுதான் நீலம். உள்ளங்கையில் சூடாக்கி, மூடியைத் திறந்து முகர்ந்தேன்: தக்காளி இலை, வெட்டிய புல். ஒரு வாய் உறிஞ்சியதும் தொண்டையில் மிளகுக் காரம் ஏறி இருமிவிட்டேன். “நல்ல எண்ணெய்!” என்று சிரித்தார். அந்தக் காரத்துக்குக் காரணம் ஓலியோகாந்தால் என்ற பொருள். இங்கு விளையும் பிக்குவால் ரகத்தில் கசப்பும் காரமும் தூக்கல்.

1991 முதல் ஐரோப்பியச் சட்டம் இந்த ருசிக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்ற உயர்ந்த தரமாக விற்க, தனிக் கொழுப்பு அமிலம் 0.8 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் போதாது. பயிற்சி பெற்ற எட்டு முதல் பன்னிரண்டு பேர் குடித்துப் பார்க்க வேண்டும். குறைகளுக்கு அவர்கள் போடும் மதிப்பெண்களின் இடைநிலை சுழியமாக வர வேண்டும். மனித நாக்கை நம்பி ஒரு பொருளின் தரத்தைத் தீர்ப்பதா என்று வியாபாரிகள் சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கென்னவோ அதுதான் சரி என்று படுகிறது. காயைக் குவித்துவைத்த ஆலையின் சோம்பலை மூக்கு உடனே சொல்லிவிடும். ஆனால் ஆவி பாய்ச்சி வாடை நீக்கிய எண்ணெயைக் கலந்தால் மூக்கு தோற்றுவிடும். அதற்காகவே 2011இல் ஆல்கைல் எஸ்டர் சோதனையைச் சேர்த்தார்கள்.

கலப்படம் செய்யும் ஆசை விலையோடு ஏறும். 2022-23இல் வறட்சியால் ஸ்பெயினின் விளைச்சல் ஏறக்குறைய 6.6 லட்சம் டன்னாக, முந்தின ஆண்டில் பாதிக்கும் கீழாகச் சரிந்தது; விலை ஏறியது. தோப்பிலும் ஒரு சபலம் உண்டு. நன்றாகப் பழுக்கவிட்டால் கிலோவுக்குக் கூடுதல் எண்ணெய் இறங்கும். பச்சையிலேயே பறித்தால் குறையும், மணம் கூடும். எண்ணெயின் எடைக்குக் காசு வாங்கும் விவசாயி எதைத் தேர்வான்?

சாப்பாட்டுக் கடைகளிலும் ஒரு கெடுபிடி. 2014 முதல், மீண்டும் நிரப்ப முடியாத, சீட்டு ஒட்டிய புட்டிதான் மேசைக்கு வர வேண்டும். ஐரோப்பா முழுக்க இதைக் கொண்டுவரப் பார்த்து, 2013இல் கேலிக்குப் பயந்து பின்வாங்கினார்கள். ஸ்பெயின் விடவில்லை. பக்கத்து ஊரான ஊபெடாவில் காலை ரொட்டிக்கு வந்த புட்டியைத் திருப்பிப் படித்தேன்: வர்ஜின் மட்டும், எக்ஸ்ட்ரா இல்லை. கடைக்காரர் அதை மறைக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.