இரண்டு விரல்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் பாக்குறது எங்க ஓபியில வழக்கம். செருப்பைக் கழட்டச் சொல்லி, புண் இருக்கா, உணர்ச்சி இருக்கான்னு பாப்போம். வேலூர் மாவட்டத்துல நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரிக்கு மாசாமாசம் மாத்திரை வாங்க ஒரு பெரியவர் வருவார். வயசு எழுபத்தஞ்சு. பேரைக் கூப்பிட்டா விறைப்பா எழுந்து நிப்பார். இடது கால்ல ரெண்டு விரல் இல்ல. "சர்க்கரை நோயால் விரல் அகற்றப்பட்டது"ன்னு அவர் நோட்டுல நானே எழுதியிருக்கேன்.

போன மாசம் ஒருநாள் கூட்டம் கம்மி. "விரலை எப்ப எடுத்தாங்க ஐயா?"ன்னு கேட்டேன்.

"எழுபத்தொண்ணு டிசம்பர், சார். ஷெல் சிதறல். சுகர் வந்தது அறுபது வயசுக்கு மேலதான்."

நாலு வருஷமா அவரைப் பாக்குறேன். ஒரு தடவைகூட கேக்கல. சுகர் இருக்கு, விரல் இல்ல, அப்ப சுகர்தான். அவ்வளவுதான் என் மருத்துவம். நோட்டை வாங்கி அடிச்சுத் திருத்தி எழுதினேன். படிச்சுப் பாத்துட்டு, "இதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கறேன் சார்"னார். எதுக்குன்னு கேட்டப்பதான் விஷயம் வந்துச்சு.

அவர் ஊர்ல முன்னாள் ராணுவத்தினர் ஒண்ணா சேந்து ஒரு நினைவுத்தூண் கட்டப் போறாங்க. பக்கத்துலயே ஒரு ரூம்ல சின்னதா மியூசியம். பென்ஷன்ல இருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருக்காங்க. டிரங்குப் பெட்டி, டிஸ்சார்ஜ் புக், மெடல், எல்லையிலிருந்து வந்த இன்லேண்ட் லெட்டர்னு வீடு வீடா சேக்குறாங்க. பாதி வீட்ல பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சாம்.

இந்தப் பக்கம் பட்டாளத்துக்குப் போறது புதுசில்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. வேலூர் லாங் பஜார்ல ஒரு கல்வெட்டு இருக்கு. 1914-18 பெரும்போருக்கு இந்த ஊர்ல இருந்து 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிரைக் கொடுத்தாங்கன்னு சொல்லும். எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்பேன்! எண்ணிக்கை இருக்கு. அந்த 14 பேர் யாருன்னு அந்த வரியில இல்ல. இராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இதே கதைதான். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பேர் செதுக்கினாங்க. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு ரெஜிமெண்ட் பேரும் தலைக்கணக்கும் மட்டும்.

அதனாலதான் பெரியவர் பேர் விஷயத்துல பிடிவாதமா இருக்கார். சண்டையும் அங்கதான். சண்டையில செத்தவங்க பேர் மட்டும் போதும்னு ஒரு பக்கம். 1987ல அமைதிப் படையில இலங்கைக்குப் போனவங்க பேரே வேண்டாம்னு இன்னொரு பக்கம். அந்தக் கோபம் எனக்குப் புரியாம இல்ல. 1990ல அந்தப் படை சென்னை திரும்பினப்ப அன்றைய முதல்வரே வரவேற்கப் போகல. அங்க செத்த தமிழ்ச் சனங்களை மறக்கச் சொல்ல நான் யாரு? ஆனா அனுப்பினது அரசாங்கம். போனது இருபத்திரண்டு வயசுப் பையன்.

பெரியவர் குரலைத் தாழ்த்தி ஒண்ணு கேட்டார். "ஒருத்தன் அங்கிருந்து முழுசா திரும்பி வந்தான் சார். ஆறு வருஷம் தூங்கவே இல்ல. குடிச்சே செத்தான். சர்டிபிகேட்ல கல்லீரல்னு இருக்கு. அவன் பேரைப் போடலாமா? நீங்க டாக்டர், நீங்க சொன்னா ஊர் கேக்கும்."

ரெண்டு விரலுக்கே தப்பான காரணம் எழுதினவன் நான். இருந்தாலும் சொன்னேன்: "போடுங்க ஐயா. நான் வந்து பேசுறேன்."

வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டம். போறேன்.

உங்க வீட்டுப் பரண்ல தாத்தாவோட டிஸ்சார்ஜ் புக் கிடந்தா எடுத்துப் பாருங்க. லேமினேட் மட்டும் பண்ணாதீங்க, பிரிக்க முடியாது, பேப்பரும் பாழாகும். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைங்க. அவர் கூட வேலை பாத்தவங்க யாராவது உயிரோட இருந்தா, போய்க் கேளுங்க. நான் நாலு வருஷம் லேட்.