பிழை காணும் பயிற்சி

எங்கள் வீட்டுக் கூடத்து மேசையில் மூன்று ஆண்டுகளாக ஒரு நூல் இடம்பெயராமல் கிடக்கிறது. ரென், மார்ட்டின் என்னும் இருவர் எழுதிய ஆங்கில இலக்கணம். 1930களில் வெளிவந்த அந்நூலை நாங்கள் படித்தோம். இப்பொழுது எங்கள் மகள் படிக்கிறாள். அட்டை கிழிந்துபோனதால் பழைய நாள்காட்டித் தாளால் உறையிட்டிருக்கிறோம்.

மகள் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கணிதத்தில் பட்டம் பெற்றவள். வங்கி எழுத்தர் தேர்வுக்கு ஆயத்தம் செய்கிறாள். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று 2021-இல் அறிவித்தபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சி பெரிது. ஆயினும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலமாகவே நிற்கிறது. முதல்நிலைத் தேர்வில் அதற்கு 30 வினாக்கள், 20 நிமிடங்கள். வினா ஒன்றுக்கு 40 நொடி. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறையும். கணக்கில் எவ்வளவு பெற்றாலும், ஆங்கிலத்துக்கென வகுத்த எல்லையைத் தொடாதவருக்கு அடுத்த நிலை இல்லை. இருமுறை அவள் அந்த எல்லையிலேயே நின்றுவிட்டாள்.

இரண்டாம் முறை முடிவு வந்த அன்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. "எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாயிற்று!" என்றோம். 'ஹீ ஹேஸ் கம் எஸ்ட்டர்டே' பிழையென்று சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியுமே என்றோம். அவள் மறுமொழி சொல்லவில்லை. நான்கு நாள்கள் அந்நூலைத் தொடவுமில்லை. எங்களோடு அமர்ந்து உண்ணவுமில்லை.

ஐந்தாம் நாள் இரவு அவளே வந்து கேட்டாள்: "அப்பா, 'பெரியப்பா நேற்று வந்திருக்கிறார்' என்று நாம் சொல்கிறோமே, அது சரிதானே? பிறகு ஆங்கிலத்தில் மட்டும் ஏன் பிழை?"

எங்கள் இருவரிடமும் விடை இல்லை. விதி தெரியும், காரணம் தெரியாது. எங்களுக்கும் அதை மனப்பாடமாகத்தான் கொடுத்திருந்தார்கள். அன்றிரவு மூவரும் அமர்ந்து, அவள் தவறவிட்ட வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிப் பார்த்தோம்.

நாம் வீட்டில் இல்லாதபோது ஒருவர் வந்து சென்றதைப் பின்னர் அறிந்தால், 'நேற்று வந்திருக்கிறார்' என்கிறோம். தமிழில் அது குற்றமன்று. ஆங்கிலத்தில் அவ்வடிவம் இன்றைய பொழுதோடு கட்டுண்டது. 'நேற்று' என முடிந்துபோன நாளைச் சுட்டிவிட்டால் அதற்கு அங்கே இடமில்லை. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபௌட்' சேர்ப்பது ஏன்? நாம் ஒன்றைப் 'பற்றி' விவாதிப்பவர்கள். அந்தப் 'பற்றி' நம்மை விடுவதில்லை. 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்றதும் பன்மை வினை வந்துவிடுகிறதே! தமிழில் 'மாணவருள் ஒருவன் வந்தான்' என்கையில் ஒருவன் வினையின் அருகிலேயே நிற்கிறான். ஆங்கிலத்தில் அவன் முன்னே போய்விட, இடையில் வந்து நிற்கும் பன்மைச் சொல் கண்ணை ஏமாற்றுகிறது.

'சின்ஸ்', 'ஃபார்' இரண்டும் ஆண்டுக்கணக்கில் அவளைக் குழப்பியவை. '2021 முதல்', 'மூன்று ஆண்டுகளாக' என்று சொல்லிப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். தொடங்கிய நாளைச் சொல்லும் 'முதல்', கழிந்த கால அளவைச் சொல்லும் 'ஆக' என இரண்டையும் அவள் மழலை நாளிலிருந்தே பிழையின்றிப் பேசி வருகிறாள். எந்த நூலும் இதை அவளுக்குச் சொல்லவில்லை. முப்பது ஆண்டு ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதம் எழுதிய எங்களுள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை!

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுத்தது என்று சொல்வதற்கில்லை. 'தி' எங்கே வரும், எங்கே வராது என்பதில் இன்னும் மூவருமே தடுமாறுகிறோம். அங்கே செய்தித்தாளை நாள்தோறும் வாய்விட்டுப் படித்துக் காதைப் பழக்குவதைத் தவிர வேறு வழி காணவில்லை. ஆங்கிலத்துக்கும் குறைகள் உண்டு என்று அவளுக்கு ஒருநாள் ஆறுதல் சொன்னோம். கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', விலக்கி நிறுத்தும் 'நாங்கள்' இரண்டுக்கும் அம்மொழியில் 'வீ' என்ற ஒரே சொல்தானே!

சிவப்பு மையில் திருத்துவதை நிறுத்திவிட்டோம். தவறு நேரும்போதெல்லாம் அதன் அருகே, 'தமிழில் எப்படி?' என்று அவளே பென்சிலால் எழுதுகிறாள். பாதி குறிப்பேடு அவ்வாறு நிறைந்திருக்கிறது. மதிப்பெண் சிறிது ஏறியிருக்கிறது. போதுமான அளவுக்கா என்பதைத் தேர்வுதான் சொல்லவேண்டும்.

நாளை மூன்றாம் முறை. தேர்வு மையம் அடுத்த மாவட்டத்தில். சென்ற இருமுறையும், "நான் தனியாகவே போய் வருகிறேன்" என்று கிளம்பியவள். இன்றிரவு நுழைவுச் சீட்டையும் அடையாள அட்டையையும் பையில் வைத்துவிட்டு, விளக்கை அணைக்குமுன் எங்களை நோக்கிச் சொன்னாள்: "காலையில் நாம் ஐந்து மணிப் பேருந்தைப் பிடிக்கவேண்டும். சீக்கிரம் படுங்கள்."