கந்தன் பள்ளத்தாக்குக்கு ஒரு கூண்டு வண்டி

குன்றுகளைத் தேடிச் சென்று குடிகொள்ளும் குமரக் கடவுள், பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியான வேல்ஸ் நாட்டில் பசுமை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கிலும் எழுந்தருளியிருக்கிறார். அத்தலத்துக்கு ஸ்கந்த வேல் என்று பெயர். ஆங்கிலத்தில் ‘வேல்’ என்றால் பள்ளத்தாக்கு. தமிழர் செவிக்கோ அது முருகன் கைவேல். இலங்கையில் பிறந்த குரு ஸ்ரீ சுப்ரமணியம் 1973-ஆம் ஆண்டு நிறுவிய இந்த ஆசிரமத்தில் முருகப் பெருமானுக்கும், மகாசக்திக்கும், ஸ்ரீரங்கநாதருக்கும் தனித்தனி ஆலயங்கள் உள்ளன. நாள்தோறும் ஆறு கால பூஜை. அன்பர்களுக்கு அன்னதானம் உண்டு. எதற்கும் கட்டணம் இல்லை.

லண்டனிலிருந்து அங்கே செல்லச் சுமார் 350 கிலோமீட்டர் பயணிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டனில் நெடுங்காலமாக வாழும் ஒரு முதிய தம்பதிக்கு இந்தத் தூரமே பெரும் தடையாக இருந்தது. கணவருக்கு எழுபதை நெருங்கும் வயது. மனைவிக்கு நீரிழிவும் முழங்கால் வலியும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் காரை நிறுத்தியாக வேண்டும். விடுதிச் சமையலறையில் எந்தச் சட்டியில் எது வெந்ததோ என்ற கலக்கம் வேறு. தலத்துக்குச் செல்வோர் மூன்று நாள் முன்பிருந்தே புலால், மீன், முட்டை தவிர்த்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள நியமம். ‘கால் நடக்கும்போதே ஒருமுறை கந்தனைப் பார்த்துவிட வேண்டும்’ என்று அந்த அம்மையார் ஆண்டுதோறும் சொல்வார். ஆண்டுதோறும் அது தள்ளிப்போகும்.

அந்நாட்டு ஓய்வூதியர்கள் பலர் காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே இழுத்துச் செல்வதைக் கண்ட கணவருக்கு, தாமும் அவ்வாறு செய்தால் என்ன என்று தோன்றியது. நம்மூரில் கேரவன் என்றதும் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இது வேறு வகை. இதற்கு எஞ்சின் கிடையாது. இரண்டே சக்கரங்கள், ஓர் அச்சு, உள்ளே படுக்கை, அடுப்பு, கழிவறை. காரின் பின்புறமுள்ள இரும்புக் குமிழில் மாட்டிவிட்டால் பின்னாலேயே வரும். 2021 டிசம்பர் முதல், அங்கே சாதாரண கார் உரிமம் உடையவர்களே தனித் தேர்வு எழுதாமல் 3,500 கிலோ வரையுள்ள இழுவண்டியை இழுக்கலாம்.

புதிய வண்டிக்குப் பணம் இல்லை. பழையதைத் தேடினார்கள். முதலில் பார்த்த வண்டி புதுத் திரைச்சீலைகளுடன் பளபளத்தது. ஆனால் கதவைத் திறந்ததும் மக்கல் வாடை வீசியது. ஜன்னலுக்குக் கீழே விரலால் அழுத்தியபோது சுவர் உள்வாங்கிற்று. இந்த வண்டிகளுக்கு எமன் மழைநீர்தான். இணைப்புகளின் வழியே கசிந்து உள்ளிருக்கும் மரச்சட்டத்தை ஓசையின்றி அரித்துவிடும். ஈரமானியை வைத்துப் பார்த்தால் 15 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 20-ஐத் தாண்டினால் விலகுவதே புத்தி. அவர்கள் விலகினார்கள். இறுதியில் வாங்கிய வண்டியின் திரைச்சீலைகள் நைந்திருந்தன. சுவர்களோ காய்ந்து உறுதியாக இருந்தன. டயர்கள் பார்வைக்குப் புதியவை போலிருந்தாலும், பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்க எண் வேறு கதை சொன்னது. முதல் இரண்டு இலக்கங்கள் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பவை. ஓடாமல் நின்ற இடத்திலேயே கிழடு தட்டியிருந்த அவற்றை மாற்றினார்கள்.

வண்டியைத் தயார் செய்வதில் அம்மையாரின் மனம் ஓர் இடத்தில் இடறிற்று. அடுப்பும் கழிவறையும் ஒரே கூரையின் கீழா? கழிவறை பின்கோடியில், நடுவே கதவுடன் இருந்தது. கழிவுப் பெட்டியையும் வெளிப்புறமாகவே எடுத்து, அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவலாம். அதைக் கண்டபின் முன்கோடியில் சுவாமி படம் வைக்க இசைந்தார். தீபம் மட்டும் உள்ளே ஏற்றுவதில்லை. மெல்லிய பலகையாலும் துணியாலும் ஆன அறையில் நெருப்பு விளையாட்டல்ல. உள்ளே சிறு மின்விளக்கு. நெய்விளக்கு வெளியே, படியருகில். எரிவாயுவுக்குச் சிவப்பு உருளையிலுள்ள புரோப்பேனைத் தேர்ந்தார்கள். நீல உருளையின் பியூட்டேன் கடுங்குளிரில் ஆவியாகாமல் சோம்பிக் கிடக்கும். குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பது உயிருக்கே ஆபத்து என்பதால், நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் சுவரில் பொருத்தினார்கள்.

புறப்படும் நாளில் வடக்கு லண்டன் ஆர்ச்வே சாலையிலுள்ள முருகன் கோயிலை நோக்கிக் கும்பிட்டு, காருக்கு நான்கும் வண்டிக்கு இரண்டுமாக ஆறு எலுமிச்சம்பழங்களைச் சக்கரங்களின் அடியில் வைத்து நகர்ந்தார்கள். அம்மையார் வண்டிக்குள் படுத்தபடியே வரலாம் என்று எண்ணியிருந்தார். ஓடும்போது உள்ளே ஆள் இருப்பதைச் சட்டம் அனுமதிக்காது. காரில்தான் உட்கார வேண்டியிருந்தது.

எம்4 நெடுஞ்சாலையில் இவ்வண்டிகளுக்கு வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர். மூன்று தடங்கள் உள்ள இடத்தில் வலக்கோடித் தடத்துக்குச் செல்லக் கூடாது. ரெடிங் நகரைத் தாண்டிய ஓர் இறக்கத்தில் பெரிய பேருந்தொன்று அவர்களை முந்திச் சென்றது. அடுத்த நொடியே பின்வண்டி பாம்பு போல இடமும் வலமும் நெளியத் தொடங்கிற்று. காரின் பின்பகுதியையும் சேர்த்து ஆட்டியது. அம்மையாரின் வாயில் ‘முருகா’ என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. கணவர் பிரேக்கை மிதிக்கவில்லை. முடுக்கியிலிருந்து காலை எடுத்து, திருப்பு சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டார். வேகம் தணிந்தது, ஆட்டமும் அடங்கிற்று.

அடுத்த சேவை நிலையத்தில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து பார்த்தபோது காரணம் விளங்கியது. ஈர மாவரைக்கும் கிரைண்டர், அரிசி மூட்டை, பித்தளைக் குத்துவிளக்கு, தேங்காய்கள் எல்லாம் கழிவறைப் பக்கத்தில், பின்கோடியில் குவிந்திருந்தன. அந்தக் காலத்தில் கூண்டு வண்டி பூட்டிக் கதிர்காமம் போனவர்கள் இதைக் கண்ணாலேயே அறிந்திருப்பார்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை நசுக்கும். பின்பாரம் மிகுந்தால் மாட்டையே மேலே தூக்கும். இரும்பு வண்டிக்கும் அதே கணக்குதான். அவர்களுடைய வண்டியின் உச்ச எடை 1,300 கிலோ; காரின் எடை 1,550. வண்டி காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கமான அறிவுரை நிறைவேறியிருந்தது. ஆனால் காரின் குமிழ்மேல் 75 கிலோ வரை அழுந்த வேண்டிய மூக்குப் பாரம், பின்சுமையால் காற்றாகப் பறந்திருந்தது. மொத்த எடையைக் கணக்கிட்ட மனிதர், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

கனமானவற்றைத் தரையில், அச்சுக்கு நேர் மேலே மாற்றினார்கள். அரிசி மூட்டை காருக்குள் வந்தது. அதன்பின் ஸெவர்ன் ஆற்றுப் பாலத்தில் காற்று வீசியபோதும் வண்டி அசையவில்லை.

கார்மார்தன் நகருக்கு அப்பால் சாலைகள் ஒற்றையடிப் பாதைபோல் குறுகிவிடுகின்றன. இருபுறமும் ஆளுயரப் புதர்வேலி. எதிரே டிராக்டர் வந்தால் பின்வாங்க இடம் கிடையாது. இழுவண்டியோடு அங்கே நுழைவது அறிவீனம். ஆகவே பெரிய சாலையை ஒட்டிய முகாம் திடலில் வண்டியை நிறுத்தி, 40 லிட்டர் நீர்த்தொட்டியைத் தரையிலேயே உருட்டி வந்து நிரப்பிக்கொண்டு, தலத்துக்குக் காரில் மட்டும் சென்றார்கள். அருகிலுள்ள ஊரின் பெயர் லான்பும்சைன்ட். வேல்ஸ் மொழியில் அதற்கு ஐந்து அடியார்களின் ஆலயம் என்று பொருள்.

மறுநாள் விடியுமுன் அம்மையார் தம் வண்டியிலேயே வெந்நீரில் நீராடி, தம் அடுப்பில் பால் காய்ச்சி, நேரத்தோடு காலைப் பூஜைக்குச் சென்றுவிட்டார். பனி படர்ந்த பள்ளத்தாக்கில் மணி ஒலிக்க, முருகன் சந்நிதியில் தீபாராதனை நடந்தது. முழங்கால் மடங்காததால் சுவரோரம் நாற்காலியில் அமர்ந்து தரிசித்தார். கணவர் திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று நாட்கள் தங்கினார்கள்.

ஊர் திரும்பும் காலையில், பொருள்களை ஏற்றிக்கொண்டிருந்த கணவரை அம்மையார் அழைத்தார். அவர் கையில் பிரசாதப் பையும் பித்தளைக் குத்துவிளக்கும் இருந்தன.

“இஞ்சாருங்கோ, இதை எங்கே வைக்கிறது? அச்சுக்கு மேலேயோ?”